வில்கமுவையில் இராத் தங்கிய பஸ்

ஜுனைதீனுக்குத் தன் பெயர்மேல் அப்படியோர் ஆசை. குடைக் காம்பில் பெயர், சாப்பாட்டுக் கரியர் மூடியில் பெயர், பஸ் ஸ்டாண்டில் அவர் உட்கார்ந்து நேரம் எழுதுகிற ஸ்டூலின் அடியில்கூட ஆணியால் கீறிய பெயர். கேட்டால் கள்ளர் பயம் என்பார். கள்ளராவது மண்ணாங்கட்டியாவது! கால் ஆடுகிற அந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓட மாத்தளையில் எவனுக்கு என்ன தலையெழுத்து? தன் பெயரைப் பார்க்கப் பார்க்க மனிதருக்கு ஒரு சந்தோஷம், அவ்வளவுதான். "என்னிலயும் ஒரு மூலையில எழுதிப் போடுங்களேன், ஆரும் தூக்கிட்டுப் போனா தேடிப் புடிக்க லேசு" என்று அவருடைய மனைவி கைறுன்னிஸா கேலி பண்ணுவாள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அடுத்த வாரம் வாங்கிய டோர்ச் லைட்டிலும் பெயர் ஏறிவிடும்.

அவருக்கு டைம் கீப்பர் வேலை. அரசாங்க பஸ் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுத வேண்டும், தேத்தண்ணிக் கடையில் கதை அளக்கும் டிரைவர்மாரை விரட்ட வேண்டும், எந்த பஸ் எப்போது என்று கேட்கிற சனத்துக்குச் சலிக்காமல் பதில் சொல்ல வேண்டும். எந்தச் சபை, எந்த டிப்போ என்ற ஆராய்ச்சியெல்லாம் நமக்கு வேண்டாம். பெரிய கந்தோர்கள், ஆபீஸ்கள் எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான்.

அந்தக் காலத்தில் வில்கமுவைக்கு ஒரேயொரு பஸ். காலையில் மாத்தளையில் புறப்பட்டு, நாவுல என்ற ஊரைத் தாண்டி, இடுப்பு ஒடிய ஓடி, மத்தியானம் அங்கே போய் விழும். திரும்பிப் புறப்பட்டு மாத்தளைக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிடும். ஆஸ்பத்திரியில் கிளினிக் முடிந்திருக்கும், அரசாங்கக் காரியம் பார்க்கிற கச்சேரி மூடியிருக்கும். வந்த சனம் எங்காவது விறாந்தையில் சுருண்டு கிடந்து, விடிந்ததும் வரிசையில் நிற்கும். மருந்தை வாங்கிக்கொண்டு ஓடி வந்தால், ஊருக்குப் போகிற பஸ் அப்போதுதான் போயிருக்கும். இன்னொரு இரவும் விறாந்தைதான். ஒரு போத்தல் மருந்துக்கு இத்தனை சீரழிவு!

எண்பத்து நான்காம் ஆண்டு ஒரு மாலையில், காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு சிங்களப் பெண் அந்த பஸ்ஸில் வந்து இறங்கினாள். கிளினிக் மூடிவிட்டது என்று ஜுனைதீன் சொன்னார். அவள் அழவில்லை. அழுது அலுத்துப்போன முகம். "மாத்தயா, இந்த பஸ்ஸுக்கு எங்கள் ஊரில் தூக்கம் வராதா? ராத்திரிக்கு அங்கே கிடந்துவிட்டு விடியற்காலையில் வந்தால் என்ன?" என்று சிங்களத்தில் கேட்டாள். ஜுனைதீன் பிள்ளைக்குப் பாண் ரொட்டியும் அவளுக்கு ஒரு பிளேன்டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு வீட்டுக்கு நடந்தார். நடக்க நடக்க அந்தக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. அதுதானே! பின்னேரம் இங்கிருந்து போகட்டும், இரவு அங்கே தங்கட்டும், விடிய வரட்டும். புது பஸ் வேண்டாம், புது ரோட்டு வேண்டாம், பஸ் தூங்குகிற இடத்தை மாற்றினால் போதும். வீட்டுப் படியேறும்போது அது அவருடைய யோசனையாகிவிட்டிருந்தது. அந்தப் பெண்ணை அவர் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. மறைக்க வேண்டுமென்று அல்ல, உண்மையிலேயே மறந்து போனார். நாமெல்லாரும் அப்படித்தான்.

மறுநாளே டிப்போ மெனேஜர் அறைக்குள் போய், "சேர், எனக்கு ஒரு யோசனை" என்றார். மெனேஜர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "உமக்கு யோசனை வருகிற அளவுக்கு அங்கே வேலை குறைவா?" என்றார். போன வேகத்தில் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்த ஜுனைதீனுக்கு முகம் நெருப்பாய் எரிந்தது.

ஸ்டோர்ஸில் இருந்த புஹாரி அவருடைய சேக்காளி. எல்லாம் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "ஒனக்கு விசரா? இந்தக் கந்தோர்ல ‘எனக்கு ஒரு யோசனை’ண்டு சென்னா அது அங்கினயே மவுத்து. ‘சேர் அண்டைக்கிச் சென்ன மாதிரி’ண்டு தொடங்கு. அவர் சென்னாரா இல்லையாண்டு அவருக்கே ஞாபகம் ஈக்காது. நல்ல விஷயமா ஈந்தா நான்தான் சென்னேன்பார். அதுக்குப் பொறகு அது அவர்ட வேலை."

ஜுனைதீனுக்கு இது எப்படிப் பிடிக்கும்? ஸ்டூலுக்கு அடியில் பெயர் எழுதுகிற மனிதரிடம் போய், பெற்ற பிள்ளையை ஊரான் பெயரில் எழுதி வை என்றால்? ஆனால் வில்கமுவை பஸ் மறுபடி வந்தது. மறுபடி சனம் இறங்கியது. ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, மெனேஜருக்குத் தேத்தண்ணி போகிற நேரம் பார்த்து உள்ளே போனார். "சேர் அன்றைக்குச் சொன்ன மாதிரி, வில்கமுவை பஸ் இரவு அங்கேயே தங்கினால் டீசலும் மிச்சம், சனத்துக்கும் நல்லது." மெனேஜர் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடித் திறந்தார். "நான் அதை எப்போதோ சொன்னேன், இங்கே கேட்பதற்குத்தான் ஆளில்லை" என்றார். புஹாரி வாக்கு அப்படியே பலித்தது.

அந்த ஒரு வித்தையைப் பிடித்துக்கொண்டு யோசனை படியேறத் தொடங்கியது. மெனேஜர் கண்டிக் கந்தோருக்குப் போய், அங்கிருந்த பெரியவரிடம் "சேர் சொன்ன மாதிரி" என்றார். கண்டிப் பெரியவர் கொழும்புக்குப் போய் அதையே சொன்னார். நடுவில் யூனியன்காரர் வந்து டிரைவர் படுக்க இடம் எங்கே என்று கேட்டார்கள். ஜுனைதீன் அவர்களிடமும் போய், "தோழர் போன கூட்டத்தில சொன்ன மாதிரி, புத்த பன்சலைக்குப் பக்கத்து மடத்தில ஒரு அறை கேக்கலாமே" என்றார். யானை பஸ்ஸை முட்டினால் யார் பொறுப்பு என்று கேட்ட இன்ஜினியரிடம், "சேர் சொன்ன மாதிரி பள்ளிக்கூட வேலிக்குள்ள விடலாம்" என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்களே, இங்கே படிக்குப் படி பூசாரி. ஒவ்வொருவனுக்கும் ஒரு துண்டைக் கிள்ளிக் கொடுத்து, கொடுத்து, இரண்டு வருஷத்தில் யோசனை கரை சேர்ந்தது. கொழும்பில் யாரோ அதற்கு ‘அருணலு சேவை’ என்று அழகாகப் பெயரும் வைத்துவிட்டார்கள். விடியல் வெளிச்சமாம். வைக்கட்டும்.

இத்தனையும் நடந்த பிறகு, ஓட்ட டிரைவர் இல்லை. யானைக்காடு, நுளம்புக் கடி, கிணற்றுத் தண்ணீர் என்று ஆளுக்கொரு சாட்டுச் சொன்னார்கள். ஜுனைதீன் கணபதியிடம் போனார்.

கணபதி எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவன். தோட்டத்து லொறி ஓட்டிப் பழகி, பிறகு பஸ்ஸுக்கு வந்தவன். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் டவுனில் அவன் வாடகைக்கு இருந்த வீட்டை எரித்தபோது, அவனையும் அவன் மனைவி வேலம்மாவையும் பின்பக்கத்து மதிலால் ஏற்றி, தன் வீட்டு அறைக்குள் வைத்துக் காப்பாற்றியவர் ஜுனைதீன். வாசலில் வந்து நின்றவர்களிடம் கைறுன்னிஸா உலக்கையோடு நின்று, இங்கே ஒருத்தரும் இல்லை என்று சத்தம் போட்டாள். அந்த நாளிலிருந்து கணபதிக்கு ஜுனைதீன் ‘நானா’, கூடப் பிறந்த அண்ணன் மாதிரி, அவர் வாக்கு வேதவாக்கு. அதற்காக அவர் ஒருநாளும் அவனை அதிகாரம் பண்ணியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

"அங்கன முழுக்க சிங்கள ஊரு நானா" என்று கணபதி தலையைச் சொறிந்தான். "ராத்திரிக்குத் தனியா படுக்கணும். வேலம்மா பயப்படுவா."

"நீ ஓடினா இது நிலைக்கும் கணபதி. வேற ஆள் ஓடினா ஒரு மாசத்துல நிப்பாட்டிருவாங்க."

"நீங்க சொன்னா சரி நானா. எனக்கென்ன, வண்டி போற எடம்தானே."

தொடக்க விழாவுக்குக் கொழும்பிலிருந்து பெரிய டைரக்டரே வந்தார். குருத்தோலைத் தோரணம், பால் பொங்கல், பட்டாசு. இந்தச் சேவை தன் பள்ளிக்கூடக் காலத்துக் கனவு என்று டைரக்டர் மைக்கில் சொன்னார். கண்டிப் பெரியவர் டைரக்டரைப் புகழ்ந்தார். மெனேஜர் கண்டிப் பெரியவரைப் புகழ்ந்தார். ஜுனைதீனை யாரும் மேடைப் பக்கம் கூப்பிடவில்லை, பேருக்கு ஒரு கும்பிடுகூட இல்லை. அவர் டைம் கீப்பர் இருக்கிற பெட்டிக் கூண்டுக்குள் இருந்தபடி, பஸ் புறப்பட்ட நேரத்தை எழுதினார். வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை. "சனத்துக்கு பஸ் கெடச்சிச்சா இல்லையா? அல்லாஹ்வுக்குத் தெரியும் ஆர் செஞ்சதுண்டு. சோத்தத் தின்னுங்க" என்றாள் கைறுன்னிஸா. தெரிந்தால் போதுமா? ஒரேயொருத்தன் வாய் திறந்து ஜுனைதீன் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று அவர் மனது கிடந்து அடித்துக்கொண்டது.

ஆனால் பஸ் நன்றாக ஓடியது. அதைச் சொல்லாவிட்டால் பாவம். விடியற்காலையில் பிள்ளைத்தாய்ச்சிகளும் வயசாளிகளும் சோளக் கதிர்களும் தயிர்ச் சட்டிகளுமாய் மாத்தளையில் வந்து இறங்கி, காரியத்தை முடித்துக்கொண்டு பின்னேர பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். வில்கமுவைச் சனத்துக்குக் கணபதி செல்லப்பிள்ளையாகிப் போனான். அவன் படுக்கிற மடத்துக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் முறை வைத்துச் சோறு வரும். வேலம்மாவுக்குக் கொண்டுபோ என்று தேன் போத்தலைச் சீட்டுக்கு அடியில் சொருகி வைப்பார்கள். ஒரு தரம் நாவுல தாண்டும்போது ஒருத்திக்குப் பஸ்ஸுக்குள்ளேயே பிள்ளை பிறந்துவிட, பெண்கள் சேலையை மறைப்புக் கட்டிப் பிரசவம் பார்த்தார்கள். அன்றைக்குப் பஸ் நேரம் தப்பி வந்தது. தாமதத்துக்குக் காரணமாக ஜுனைதீன் ‘ஆண் குழந்தை’ என்று எழுதினார். மெனேஜர் ஏசினார். ஜுனைதீனுக்கு ஏச்சும் இனித்தது.

புதிதாக ஒன்று செய்ய வேண்டுமென்றால் எல்லாரும் இப்போது அவரிடம்தான் வந்தார்கள். மாதச் சீட்டுக்குத் தனி வரிசை வைத்தது, பள்ளிப் பிள்ளைகளுக்கு பஸ்ஸின் முன்கதவைத் திறந்துவிட்டது, எல்லாம் ‘சேர் சொன்ன மாதிரி’ வித்தைதான். நாளாக நாளாக அது நாக்கில் ஒட்டிக்கொண்டது. தேத்தண்ணியில் சீனி குறைவு என்று சொல்வதற்குக்கூட, "அண்டைக்கி நீங்க சென்ன மாதிரி" என்று தொடங்குவார். கைறுன்னிஸா, "நான் ஒண்டும் செல்லல்ல, ஒங்களுக்கு வேணுமெண்டா சீனி வேணும்டு கேளுங்க" என்பாள். அவருக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

பிறகு எண்பத்தொன்பது வந்தது. அந்த வருஷத்தைப் பற்றி மாத்தளையில் யாரும் விரும்பிப் பேசுவதில்லை. காலையில் கண் விழித்தால் ரோட்டோரத்தில் யாராவது கிடப்பார்கள். பஸ் ஓடினால் சாவு என்று ஒரு பக்கம், அரசாங்கத்தைக் கவிழ்க்கக் கிளம்பிய சிங்களப் பொடியன்மார் சுவரில் ஒட்டினார்கள். ஓடாவிட்டால் வேலை போகும், வீட்டுக்கே வந்து இழுத்துப் போவோம் என்று மறுபக்கம் பட்டாளத்தார் துவக்கோடு நின்றார்கள். டவுன் பஸ்ஸாவது நாலு பேர் கண்ணுக்கு முன்னால் ஓடியது. வில்கமுவை பஸ் விடியற்காலை இருட்டில், காட்டு ரோட்டில், தன்னந்தனியாக வந்தது.

ஜுனைதீனுக்குத் தூக்கம் போயிற்று. இந்த இராத் தங்கலை நிறுத்த வேண்டும். பஸ் பழையபடி பகலில் போய்ப் பகலில் வரட்டும், நிலைமை சரியானதும் பார்க்கலாம். தேத்தண்ணி நேரம் பார்த்து மெனேஜரிடம் போனார். "சேர் போன வாரம் சொன்ன மாதிரி, வில்கமுவை பஸ்ஸைக் கொஞ்ச நாளைக்கு இரவில் இங்கேயே வைத்துக்கொண்டால்..."

மெனேஜர் கோப்பையைக் கீழே வைத்தார். அறைக்குள் வேறு யாரும் இருக்கிறார்களா என்று பார்த்தார். "நான் எப்போது சொன்னேன்? நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லையே. இது டைரக்டருடைய சேவை. நிறுத்தினால் பயந்து நிறுத்திவிட்டோம் என்பார்கள். நான் சொன்னேன் என்று எங்கேயும் போய்ச் சொல்லிவிடாதேயும்."

ஜுனைதீன் விடவில்லை. லீவு போட்டுவிட்டுக் கண்டிக்குப் போனார். கொழும்பில்தான் கேட்க வேண்டும் என்றார்கள். கொழும்புக்குப் போன் எடுத்தார். டைரக்டர் கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். யூனியனுக்குப் போனார். இந்த நேரத்தில் யூனியன் வாய் திறந்தால் யூனியனையே சுட்டுவிடுவார்கள் என்றார்கள், அதுவும் பொய்யில்லை. தொடங்கும்போது என்னுடையது, உன்னுடையது என்று முண்டியடித்த அத்தனை பேரும், நிறுத்தக் கேட்டபோது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். ‘சேர் சொன்ன மாதிரி’ என்ற வார்த்தையைக் கேட்டதும் சேர்மார் ஓடி ஒளிந்தார்கள். தெரிந்த ஒரே வித்தையும் பலிக்காமல் போக, அவர் திரும்பத் திரும்ப அதே கதவுகளைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து அவர் ஸ்டூலில் உட்கார்ந்ததும் கணபதி பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். பஸ்ஸில் சனம் ஏறிக்கொண்டிருந்தது. முன்னைப்போல் கூட்டமில்லை.

"மேல என்ன சொல்றாங்க நானா?"

"செல்லியீக்கி கணபதி. பதில் வரும்."

"நேத்து காலையில வளைவுகிட்ட மரத்த வெட்டிப் போட்டிருந்தாங்க. ஊர்க்காரங்கதான் வந்து இழுத்துவிட்டாங்க. மடத்துப் பெரியவரு வந்து, கணபதி, கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதன்னாரு. அழுவுறாரு மனுசன்." கணபதி கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்தான். "வேலம்மாகிட்ட நான் இதச் சொல்லல. நீங்க சொல்லுங்க நானா. போகவா, வேணாவா?"

போகாதே என்ற ஒரு வார்த்தை ஜுனைதீனின் தொண்டை வரைக்கும் வந்தது. அல்லாஹ் சாட்சியாக வந்தது. ஆனால் யார் சொல்லிப் பஸ்ஸை நிறுத்தினாய் என்று நாளைக்குக் கேட்டால்? நான் சொன்னேன் என்று சொல்வதா? இத்தனை வருஷத்தில் அந்த ஸ்டாண்டில் நின்று அவர் ஒரு விஷயத்தையும் தன் வாய்ச் சொல்லாகச் சொன்னதில்லை. எல்லாம் யாரோ ஒரு சேர் சொன்னது. இப்போது சேர் ஒருத்தரும் சொல்லவில்லை. நாளைக்குச் சனிக்கிழமை, டைரக்டர் கந்தோருக்கு வருவார் என்று கொழும்பில் ஒரு கிளார்க் சொல்லியிருந்தான்.

"இண்டைக்கி மட்டும் போய்ட்டு வா கணபதி. நாளைக்கி எப்படியும் பதில் வந்திரும்."

"சரி நானா" என்றான் கணபதி. ஏறி உட்கார்ந்து, ஹோர்னை ஒரு தரம் அடித்துவிட்டுப் போனான்.

சனிக்கிழமை காலை வில்கமுவை பஸ் வரவில்லை. ஜுனைதீன் ரோட்டைப் பார்த்தபடி நின்றார், உட்கார்ந்தார், மறுபடி நின்றார். நாவுலவில் இருந்து வந்த லொறிக்காரன் ஒருவன்தான் செய்தியைக் கொண்டுவந்தான். வளைவில் மறுபடி மரம் போட்டிருந்தார்களாம். சனத்தை இறக்கி நடக்கச் சொன்னார்களாம். ஒரு கிழவி கணபதியின் கையைப் பிடித்துக்கொண்டு, இவன் எங்கள் பிள்ளை, இவனை விடுங்கள் என்று கதறினாளாம். அவளைத் தள்ளிவிட்டு, அவனை பஸ்ஸுக்கு முன்னாலேயே சுட்டுவிட்டு, பஸ்ஸுக்கும் தீ வைத்துவிட்டார்களாம். சுட்டது யார் என்று அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. படுபாவிகள்! அவனால் யாருக்கு என்ன கெட்டது?

கணபதியை அவசர அவசரமாகப் புதைத்தார்கள். ஊரடங்கு வந்துவிடும் என்று பறையும் இல்லை, கூட்டமும் இல்லை. வேலம்மா தலைவிரி கோலமாய் உட்கார்ந்திருந்தாள். கைறுன்னிஸா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். ஜுனைதீன் வாசல் கம்பத்தைப் பிடித்தபடி நின்றார், வேலம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை கொழும்பிலிருந்து பதில் வந்தது. ஒரேயொரு போன் கோல். அருணலு சேவை இன்றோடு நிறுத்தப்பட்டது. அவ்வளவுதான், ஒரு சிகரெட் பற்றவைக்கிற நேரம்கூட ஆகவில்லை.

பிறகு விசாரணை. கொழும்பிலிருந்து இரண்டு பேர் வந்து மெனேஜர் அறையில் உட்கார்ந்தார்கள். கண்டிப் பெரியவரும் இருந்தார். இத்தனை ஆபத்தான சேவையைத் தொடங்கியது யார் என்று கேட்டார்கள். மெனேஜர் ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. "ஜுனைதீன்தான் சேர். ஆரம்பத்திலிருந்து அது அவருடைய யோசனை." கண்டிப் பெரியவரும் தலையாட்டினார். "ஜுனைதீன் தனியாகவே நின்று செய்தார். நாங்கள் தடுக்கவில்லை, அவ்வளவுதான்." பாவம் ஓரிடம், பழி ஓரிடம். எத்தனை வருஷம் அவர் ஏங்கிக் கிடந்தார் தன் பெயரை அந்த அறைக்குள் ஒருத்தன் சொல்லமாட்டானா என்று! இப்போது மாறி மாறிச் சொன்னார்கள். கேட்கக் கேட்க அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

டைரக்டர் மைக்கில் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். கேட்ட சனம் ஊர் நிறைய இருந்தது. புஹாரி வெளியே சாட்சி சொல்லத் தயாராக நின்றான். ஜுனைதீன் கையைக் கட்டிக்கொண்டு, "ஓம் சேர், என்னுடையதுதான்" என்றார். எழுதிக்கொண்டார்கள். அவரை ஸ்டாண்டில் இருந்து தூக்கி, பழைய டயர் குவிக்கிற ஒரு கிடங்குக்கு மாற்றினார்கள். பென்ஷன் வயது வரும்வரை அங்கேயே கிடந்தார். யோசனை என்ற சொல்லையே பிறகு அவர் வாயில் யாரும் கேட்கவில்லை.

வேலம்மா டவுனில் இருக்க மாட்டேன் என்று, தமையனிடம் எல்கடுவைத் தோட்டத்துக்கே போய்விட்டாள். பழையபடி கூடை சுமந்து கொழுந்து பறித்தாள். பெருநாளைக்குப் பெருநாள் கைறுன்னிஸா புடவையும் வட்டிலாப்பமும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவாள். "நீங்களும் ஒருக்கா வாங்களேன்" என்பாள். ஜுனைதீனுக்கு அந்த நாளில் தலையிடி வந்துவிடும். அப்படியே வருஷங்கள் ஓடின. கடைசியில் பென்ஷன் எடுத்த அந்த வாரம், என்ன நினைத்தாரோ, யாரிடமும் சொல்லாமல் தனியாக பஸ் ஏறி எல்கடுவைக்குப் போனார்.

வேலம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்து, லயத்துப் பீலித் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. "வாங்க நானா" என்று முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, உட்கார ஒரு வாங்கை இழுத்துப் போட்டாள். சாயத் தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். எத்தனையோ வருஷமாகப் பாடமாக்கி வைத்திருந்ததெல்லாம் குழம்பிப்போய்விட்டது.

"தங்கச்சி, அந்த பஸ்ஸத் தொடங்கினது நான்தான்."

"தெரியும் நானா. மொத நாளே சொன்னாரு. ஜுனைதீன் நானா பெரிய கந்தோரையே அசைச்சுப்புட்டாருன்னு அம்புட்டு சந்தோசம் அவருக்கு. வில்கமுவையில எல்லார்கிட்டயும் அப்பிடித்தான் சொல்லியிருக்காரு. இது டைரக்டரு பஸ்ஸு இல்ல, எங்க நானா பஸ்ஸுன்னு. சாவு வீட்டுக்கு வர முடியாம, பொறவு வந்தாங்களே அந்த ஊரு சனம், அவுங்களும் ஒங்களத்தான் கேட்டாங்க."

ஜுனைதீன் உடைந்து போனார். கோப்பையை வாங்கில் வைத்துவிட்டார். "நான் நிப்பாட்டப் பாத்தன் தங்கச்சி. அல்லாஹ் மேல ஆணையா. மெனேஜர்ட்டச் சென்னன். கண்டிக்குப் போனன். கொழும்புக்குச் சென்னன். யூனியனுக்குச் சென்னன். ஒருத்தன் கேக்கல்ல."

வேலம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

"அம்புட்டுப் பேருகிட்டயும் சொன்னீங்க நானா. அவருகிட்ட சொல்லலியே. போகாத கணபதின்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அவரு சாவிய ஒங்க கையில குடுத்துட்டு வீட்டுக்கு வந்திருப்பாரே."